பவுண்டு எடையா, பணமா? இடைக்கால இங்கிலாந்துக் காசும் எடைக்கல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காசு சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதிலும் இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னி என்றால் கொஞ்சம் கூடுதல் பித்து. இது தெரிந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பவுண்டுன்னா எடையா, பணமா? ரெண்டுக்கும் ஏன் ஒரே பேர்?

முதலில் எடை, பிறகுதான் பணம். லத்தீன் மொழியில் 'லிப்ரா பாண்டோ' என்றால் 'எடையில் ஒரு லிப்ரா' என்று பொருள். அதில் 'பாண்டோ' என்ற பாதி இங்கிலாந்தில் பவுண்டு ஆனது. 'லிப்ரா' என்ற பாதியின் முதலெழுத்துதான், குறுக்குக்கோடு போட்டு இன்றைக்கும் பவுண்டுக்குக் குறியீடாக நிற்கிறது.

ஒரு பவுண்டு எடை வெள்ளியை எடுத்து 240 காசு அடித்தால், அந்த 240 காசும் சேர்ந்து 'ஒரு பவுண்டு'. கணக்கு அவ்வளவுதான். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் 'ஒரு பவுண்டு கொடு' என்றால் வெள்ளியைக் கேட்கிறாரா, காசைக் கேட்கிறாரா என்ற கேள்வியே பெரிதாக எழாது. இரண்டும் ஒன்றாக இருந்தது, அல்லது ஒன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடந்ததா என்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தின் பாதி.

12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்தக் குழப்பத்தை யார் கண்டுபிடிச்சது? பத்து, நூறுன்னு வைக்கக்கூடாதா?

இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் 793-794 வாக்கில் தன் காசுகளைச் சீர்திருத்தினார். ஒரு பவுண்டுக்கு 240 தெனாரியஸ், 12 தெனாரியஸ் ஒரு சாலிடஸ் என்ற கணக்கு அவருடைய ஆட்சிப்பகுதியில்தான் நிலைபெற்றது. அதே காலத்தில் இங்கிலாந்தின் மெர்சியா பகுதியை ஆண்ட ஆஃபா (757–796), அகலமாகவும் மெல்லிசாகவும் இருந்த வெள்ளிப் பென்னியைத் தன் நாட்டின் காசாக ஆக்கினார். 1971 வரை இங்கிலாந்தில் பென்னிக்குச் சுருக்கெழுத்து 'பி' இல்லை, 'டி'. தெனாரியஸ் என்பதன் முதலெழுத்து அது.

பத்தை மூன்றால் வகுக்க முடியாது. 240 அப்படியில்லை. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று எப்படிப் பிரித்தாலும் மீதி வராது. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் சந்தையில் மனக்கணக்காகப் போட வேண்டிய காலத்தில் இது குழப்பமல்ல, வசதி.

அப்போ ஷில்லிங் காசு, பவுண்டு காசு எல்லாம் அப்பவே இருந்ததா?

இல்லை. பல நூற்றாண்டுகள் கையில் புழங்கிய காசு பென்னி ஒன்றுதான். ஷில்லிங்கும் பவுண்டும் கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்தன. பன்னிரண்டு பென்னியை எண்ணி வைத்தால் அது ஷில்லிங். ஷில்லிங் மதிப்புக்குத் தனிக்காசும், ஒரு பவுண்டு மதிப்புக்குச் சாவரின் என்ற தங்கக்காசும் ஏழாம் ஹென்றி காலத்தில், அதாவது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தன.

'மார்க்' என்று இன்னொன்றும் பழைய ஆவணங்களில் அடிக்கடி வரும். பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 160 பென்னி, 13 ஷில்லிங் 4 பென்னி. அதற்கும் காசு கிடையாது. அதுவும் ஆதியில் எட்டு அவுன்ஸ் எடையின் பெயர்தான். அபராதத் தொகைகள் ஏன் 13 ஷில்லிங் 4 பென்னி, 6 ஷில்லிங் 8 பென்னி என்று விநோதமாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: ஒரு மார்க், அரை மார்க்.

டவர் பவுண்டுங்கறாங்க, டிராய் பவுண்டுங்கறாங்க, கடையில வேற பவுண்டு. மொத்தம் எத்தனை பவுண்டு சார்?

தலைசுற்றல் இங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு பொது அளவை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்: டிராய் கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 0.0648 கிராம்.

நாணயச்சாலை பயன்படுத்தியது டவர் பவுண்டு. லண்டன் கோபுரக் கோட்டையில் நாணயச்சாலை இருந்ததால் அந்தப் பெயர். அது 5,400 கிரெயின், ஏறத்தாழ 350 கிராம். பொற்கொல்லர்கள் விரும்பியது டிராய் பவுண்டு. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பெரிய சந்தை கூடிய ட்ராய் நகரத்தின் பெயர் அது என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அது 5,760 கிரெயின், 373 கிராம். இரண்டுக்குமே 12 அவுன்ஸ், ஒவ்வோர் அவுன்ஸுக்கும் 20 பென்னிவெயிட். கம்பளி முதலான கனமான சரக்குகளுக்கு வந்ததுதான் அவோர்டுபாய்ஸ் பவுண்டு. 16 அவுன்ஸ், 7,000 கிரெயின், 453.59 கிராம். இன்றைக்கு நாம் பவுண்டு என்பது இதைத்தான்.

இவை போதாதென்று 15 அவுன்ஸ் கொண்ட வணிகர் பவுண்டு ஒன்றும் இருந்தது. 1300-ஐ ஒட்டி எழுதப்பட்ட எடையளவுச் சட்டக்குறிப்பு ஒன்று அதை எப்படிச் சொல்கிறது தெரியுமா? பணத்துக்கும் மருந்துக்கும் உரிய பவுண்டு 20 ஷில்லிங் எடை, மற்ற எல்லாப் பொருளுக்கும் உரிய பவுண்டு 25 ஷில்லிங் எடை. மிளகாயை ரூபாயில் நிறுப்பது போல, எடையைக் காசால் சொல்கிறார்கள்.

கோதுமை மணியை எண்ணியா எடை போட்டாங்க? நம்பற மாதிரி இல்லையே.

மேலே சொன்ன அதே சட்டக்குறிப்புதான் இதற்கும் மூலம். ஓரம் வெட்டப்படாத, வட்டமான ஒரு பென்னி, கதிரின் நடுவிலிருந்து எடுத்த 32 கோதுமை மணி எடை இருக்க வேண்டும். 20 பென்னி ஓர் அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு, எட்டுப் பவுண்டு ஒரு காலன் ஒயின், எட்டுக் காலன் ஒரு லண்டன் புஷல். காசில் தொடங்கி தானியப் படி வரைக்கும் ஒரே சங்கிலி.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் நாணயச்சாலையில் யாரும் கோதுமையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே உலோக எடைக்கற்கள் இருந்தன. பழைய கல்லைப் பார்த்துப் புதிய கல் செய்வார்கள், அவ்வளவுதான். எடைக்கல் என்றால் என்னவென்று எந்த ஊர்க்காரருக்கும் புரியும்படி சொல்ல ஒரு வழி வேண்டுமே, அதற்குத்தான் கோதுமை. சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் சோதிக்கலாம். நான் சமையலறையிலிருந்து 32 மணி பொறுக்கி நாலைந்து தடவை நிறுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண் காட்டியது. 'கதிரின் நடுவிலிருந்து' என்று அவர்கள் ஏன் குறிப்பாகச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீங்க 32 மணிங்கறீங்க. இன்னொரு இடத்துல ஒரு பென்னிவெயிட் 24 கிரெயின்னு போட்டிருக்கே. எது சரி?

இரண்டும் சரி. 32 என்பது கோதுமை. பார்லி மணி கொஞ்சம் கனம், அதனால் 24 பார்லி 32 கோதுமைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டார்கள். டிராய் கிரெயின் பார்லி வழியில் வந்தது.

ஆனால் டவர் பென்னிவெயிட்டும் டிராய் பென்னிவெயிட்டும் ஒரே எடை அல்ல. டவர் கணக்கில் அது 22½ டிராய் கிரெயின் (1.46 கிராம்), டிராய் கணக்கில் 24 கிரெயின் (1.56 கிராம்). இடைக்காலப் பென்னியின் எடையைச் சொல்லும்போது 24 கிரெயின் என்று யாராவது எழுதியிருந்தால், அவர் இரண்டையும் கலந்துவிட்டார் என்று அர்த்தம். இந்தத் தவறு அச்சுப் புத்தகங்களிலும் உண்டு.

ஒரு ரொட்டி எடை '6 பவுண்டு 16 ஷில்லிங்'னு பழைய சட்டத்துல இருக்கு. அது விலைதானே? அச்சுப்பிழையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பிழையே இல்லை. அது எடைதான்.

மூன்றாம் ஹென்றி காலத்தில், 1266-ஐ ஒட்டி, ரொட்டிக்கும் ஏல் என்ற மதுவுக்கும் ஒரு சட்டம் வந்தது. ஃபார்திங் என்றால் கால் பென்னி. ஒரு ஃபார்திங் ரொட்டியின் விலை எப்போதும் ஒரு ஃபார்திங்தான். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலை ஏறாது, ரொட்டி சின்னதாகும். ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது எட்டு புஷல், 12 பென்னிக்கு விற்றால் வெள்ளை ரொட்டி 6 பவுண்டு 16 ஷில்லிங் எடை இருக்க வேண்டும். கோதுமை இரண்டு ஷில்லிங் ஆகிவிட்டால் 3 பவுண்டு 8 ஷில்லிங் போதும். விலை இரட்டிப்பானால் எடை பாதி. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் விலை ஏறாமல் உள்ளே மெலிந்துகொண்டே போகிறதே, அதே வித்தை. ஒரே வித்தியாசம், அங்கே எவ்வளவு மெலியலாம் என்பதைச் சட்டமே அட்டவணை போட்டுச் சொன்னது.

சரி, 16 ஷில்லிங் எடை என்றால்? 16 × 12 = 192 வெள்ளிப் பென்னி எவ்வளவு கனக்குமோ அவ்வளவு. முழு ரொட்டி 1,632 பென்னியின் எடை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2.4 கிலோ. ரொட்டியில் இத்தனை ஷில்லிங் குறைகிறது என்று ரொட்டிக்காரர் மேல் வழக்கு வரும். கொஞ்சம் குறைந்தால் அபராதம், மிகவும் குறைந்தால் ஊர்நடுவே கழுத்தையும் கையையும் கட்டையில் மாட்டி நிறுத்துவார்கள். காசு எப்படி எடைக்கல்லாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

வரி வாங்கும்போது காசை எண்ணி வாங்கினாங்களா, நிறுத்து வாங்கினாங்களா?

இரண்டும் உண்டு, மூன்றாவதும் உண்டு. 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த நாடு தழுவிய நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏட்டைப் பார்த்தால், சில ஊர்கள் 'எண்ணி' கட்ட வேண்டும், சில ஊர்கள் 'நிறுத்து' கட்ட வேண்டும், சில ஊர்கள் 'எரித்து நிறுத்து' கட்ட வேண்டும். எரிப்பது என்றால் காசை உருக்கிப் பார்ப்பது.

அந்த உருக்கும் சடங்கை அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் 1170-களின் கடைசியில் எழுதிய நூலில் விவரிக்கிறார். கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். கணக்குப் பார்க்கும் மேசைமேல் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட துணி விரித்திருப்பார்கள், அதனால் வந்த பெயர். மாவட்ட அதிகாரியான ஷெரீஃப் கொண்டுவந்து கொட்டிய காசுக் குவியலிலிருந்து 44 ஷில்லிங்கை எடுத்துக் கலப்பார்கள். அதிலிருந்து 20 ஷில்லிங், அதாவது 240 காசு, எண்ணி உலைக்குப் போகும். அழுக்கு நீங்கி வெளிவந்த வெள்ளிக்கட்டியைத் தராசில் ஒரு பக்கமும், கருவூலத்தின் பவுண்டு எடைக்கல்லை மறுபக்கமும் வைப்பார்கள். கட்டி ஏறி நிற்கும். அப்புறம் ஷெரீஃபின் காசையே ஒவ்வொன்றாகக் கட்டியின் பக்கம் போட்டுக்கொண்டே வருவார்கள், முள் நேராகும் வரை.

எத்தனை காசு போட வேண்டியிருந்ததோ அதுதான் சேதாரம். 12 காசு என்றால், அந்த ஷெரீஃப் கட்ட வேண்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 12 காசு கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். நகைக்கடையில் நாம் சேதாரத்துக்கு முனகுவது போல ஷெரீஃப்களும் முனகியிருப்பார்கள். பின்னாளில், ஒவ்வொரு தடவையும் உருக்குவதற்குப் பதில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று நிலையான தொகை வாங்கும் வழக்கமும் வந்தது.

ஓரத்தை வெட்டி எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?

அதைத்தான் பலரும் நினைத்தார்கள். வெள்ளிக் காசு கையால் சுத்தியடித்துச் செய்தது, முழு வட்டமாக இருக்காது. ஓரத்தில் ஒரு சீவல் சீவினால் கண்ணுக்குத் தெரியாது. நூறு காசில் சீவினால் சில காசுக்கான வெள்ளி கைக்கு வந்துவிடும்.

தடுப்பதற்காக 1247-இல் காசின் பின்பக்கம் இருந்த சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினார்கள். நான்கு நுனியும் தெரியாத காசு செல்லாது. அதற்கு முன்பும் பின்பும், பென்னியைச் சிலுவைக் கோட்டின்மேல் இரண்டாகவோ நாலாகவோ வெட்டி அரைக்காசு, கால்காசு ஆக்குவது சட்டப்படி சாதாரண விஷயம். ஃபார்திங் என்ற சொல்லே 'நான்கில் ஒன்று'தான். 1279-80இல் முதலாம் எட்வர்ட் அவற்றை வட்டக் காசுகளாகவே அடித்துவிட்டதால் வெட்டத் தேவையில்லாமல் போனது.

இந்தக் கதையில் ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1278-இல் காசு வெட்டியதாகக் குற்றம்சாட்டி இங்கிலாந்து முழுக்க யூதர்களைச் சிறைபிடித்தார்கள். லண்டனில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட யூதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே குற்றத்தில் சிக்கிய கிறிஸ்தவர்கள் பலர் அபராதம் கட்டித் தப்பினார்கள். 1290-இல் யூதர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். 1279-இன் புதிய காசு எவ்வளவு அழகு என்று எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறார்கள்.

காசு அடிக்கிறவனே திருடினா?

அதற்கென்றே காசின் பின்பக்கம் அடித்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கும். 1279-க்குப் பிறகு அடித்தவர் பெயர் பெரும்பாலும் போய்விட்டது. 1124-இல் காசின் தரம் மிகவும் கெட்டுவிட்டது. சந்தைக்கு ஒரு பவுண்டு கொண்டுபோனவருக்கு 12 பென்னிப் பொருள்கூடக் கிடைக்கவில்லை என்று அக்காலத்து ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு புலம்புகிறது. முதலாம் ஹென்றியின் கட்டளைப்படி காசு அடிப்பவர்களைக் கிறிஸ்துமஸுக்கு வின்செஸ்டர் நகருக்கு வரவழைத்து, வலது கையை வெட்டி ஆண்மையும் நீக்கினார்கள்.

பிற்காலத்து வழி இதைவிட நாகரிகமானது. அடித்த காசிலிருந்து மாதிரி எடுத்துப் 'பிக்ஸ்' என்ற பெட்டியில் போட்டுவைத்து, பின்னால் நடுவர்கள் முன் நிறுத்தும் உருக்கியும் பார்ப்பார்கள். 1282 முதல் இது ஒழுங்காக நடந்தது. இன்றும் ஆண்டுதோறும் லண்டனில் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் நடக்கிறது.

ஸ்டெர்லிங்னா 92.5 வெள்ளிதானே? அதுவும் எடையோட சம்பந்தப்பட்டதா?

ஆமாம், நேரடியாக. ஸ்டெர்லிங் என்பது முதலில் பென்னிக்காசின் இன்னொரு பெயர். சொல் எங்கிருந்து வந்தது என்பதில் கட்சிகள் உண்டு. 'சின்ன நட்சத்திரம்' என்பார்கள், 'கிழக்கத்தியர்' என்பார்கள், 'கெட்டியானது' என்பார்கள். எனக்கு மூன்றாவது பிடிக்கும், அதற்குமேல் சண்டை போட மாட்டேன்.

அதன் மாற்றைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள்: 12 அவுன்ஸில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் சுத்த வெள்ளி. 240 பங்கில் 222. வகுத்தால் 0.925. நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் பழக்கம் இல்லாததால், மாற்றையும் எடைப் பெயரிலேயே சொன்னார்கள். ஆக பென்னி என்ற ஒரே சொல் காசுக்கும், எடைக்கும், வெள்ளியின் தரத்துக்கும் அளவுகோலாக வேலை செய்தது.

அப்போ 240 பென்னியை நிறுத்தா எப்பவும் சரியா ஒரு பவுண்டு இருக்கும்?

இருக்க வேண்டும், இருந்ததில்லை. 1066-க்கு முன்பு எட்வர்ட் என்ற ஒரே அரசர் காலத்திலேயே பென்னி ஏறக்குறைய 1.1 கிராமிலிருந்து 1.7 கிராம் வரை மாறியது. 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து நாட்டைப் பிடித்த பிறகு 22½ கிரெயினில் கொஞ்சம் நிலைத்தது. அப்போதுகூடப் புதுக்காசுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. கைமாறித் தேய்ந்த காசு எப்போதும் குறைவுதான். கருவூலத்தில் நிறுத்ததும் உருக்கியதும் இதனால்தானே.

பிறகு அரசர்களே குறைக்க ஆரம்பித்தார்கள். ஒரு டவர் பவுண்டு வெள்ளியில் 1279-இல் 243 பென்னி, 1351-இல் 300, 1412-இல் 360, 1464-இல் 450. காசின் எடை 22½ கிரெயினிலிருந்து 18, 15, 12 என்று இறங்கியது. ஒரு பவுண்டு பணம் என்பது மட்டும் எப்போதும் 240 பென்னியேதான். 1464-இல் ஒரு பவுண்டு பணத்தில் இருந்த வெள்ளி, பவுண்டு எடையில் பாதியை ஒட்டித்தான்.

பேரை மாத்தாம எடையை மட்டும் குறைச்சது மோசடி இல்லையா?

சில சமயம் மோசடி, பெரும்பாலும் நெருக்கடி. வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோவது வணிகர்கள். அக்கரையில் வேறொரு நாணயச்சாலை அதே வெள்ளிக்கு அதிகக் காசு தந்தால் அங்கே போய்விடுவார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்க வெள்ளித் தட்டுப்பாடு. தானும் கொஞ்சம் மெல்லிசாக அடித்தால்தான் இங்கிலாந்துக்கு வெள்ளி வரும். ஏற்கெனவே புழங்குகிற காசு தேய்ந்து கிடக்கும்போது புதுக்காசு மட்டும் முழு எடையில் வந்தால், வந்த வேகத்தில் உருக்கப்பட்டுவிடும் என்ற தொல்லையும் உண்டு.

கவனிக்க வேண்டியது, எடை குறைந்தாலும் மாற்றில் கைவைக்கவில்லை. 925 அப்படியே இருந்தது. அதிலும் கைவைத்தவர் எட்டாம் ஹென்றி. 1544-இலிருந்து சில ஆண்டுகள் செம்பு கலந்து காசின் மானத்தையே வாங்கினார்கள். 1560-இல் முதலாம் எலிசபெத் பழைய மாற்றுக்குத் திரும்பினார். அதைத்தான் மோசடி என்பேன்.

நான் ஏலத்துல ஒரு மூன்றாம் எட்வர்ட் பென்னி எடுத்தேன். 1.1 கிராம்தான் இருக்கு. 1.46 இருக்கணும்னு நீங்க சொன்னீங்களே, போலியா?

அவசரப்பட வேண்டாம். 1351-க்குப் பிறகு அடித்ததாக இருந்தால் முழு எடையே 18 கிரெயின், அதாவது 1.17 கிராம். தேய்மானம் போக 1.1 என்பது நல்ல எடை. இரண்டு பதிலுக்கு முன்னால் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1.46-ஐ எதிர்பார்க்க வேண்டியது நார்மானியர் காலம் முதல் 1279 வரையிலான காசுக்குத்தான்.

எடை மட்டும் சரியாக இருப்பதால் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. போலி செய்கிறவர்களுக்கும் தராசு கிடைக்கும். முதலில் எழுத்து அமைப்பையும் சிலுவையின் வடிவத்தையும் பாருங்கள், அப்புறம் எடை. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

தங்கக்காசு வந்தப்போ இந்தக் கணக்கு என்ன ஆச்சு?

1257-இல் மூன்றாம் ஹென்றி ஒரு தங்கப் பென்னி அடித்தார். எடை இரண்டு வெள்ளிப் பென்னி, மதிப்பு 20 பென்னி. வெள்ளியைப் போலப் பத்து மடங்கு என்று கணக்கு. லண்டன்காரர்கள் வேண்டாம் என்றார்கள், காசு எடுபடவில்லை.

1344-இல் வந்த 'நோபிள்' நிலைத்தது. மதிப்பு 6 ஷில்லிங் 8 பென்னி, அதாவது நாம் மேலே பார்த்த அரை மார்க். 1351-இல் ஒரு டவர் பவுண்டுத் தங்கத்தில் 45 நோபிள், ஒவ்வொன்றும் சரியாக 120 கிரெயின். 80 பென்னியின் எடை 1,440 கிரெயின் வெள்ளி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பன்னிரண்டு மடங்கு என்று கணக்கு எவ்வளவு சுத்தமாக விழுகிறது பாருங்கள்.

டவர் பவுண்டை ஏன் தூக்கிப்போட்டாங்க?

1526-27இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி, இனி டவர் பவுண்டு கிடையாது, தங்கமும் வெள்ளியும் டிராய் பவுண்டில்தான் நிறுக்கப்படும் என்று முடிவுசெய்தது. டிராய் பவுண்டு முக்கால் அவுன்ஸ் அதிகம் என்று அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. 5,760-இலிருந்து 5,400-ஐக் கழித்தால் 360 கிரெயின், முக்கால் டிராய் அவுன்ஸேதான்.

பொற்கொல்லர்களும் வெளிநாட்டு வணிகர்களும் டிராயில் பேச, நாணயச்சாலை மட்டும் இன்னொரு கல்லை வைத்துக்கொண்டிருப்பது தொல்லை. தவிர, பென்னியின் எடை எப்போதோ டவர் பென்னிவெயிட்டை விட்டு விலகிவிட்டதால், பழைய கல்லைக் காப்பாற்ற எந்தக் காரணமும் மிச்சமில்லை. 1601 முதல் ஒரு டிராய் பவுண்டு வெள்ளியில் 62 ஷில்லிங் அடித்தார்கள். அந்த விகிதம் 1816 வரை மாறவில்லை. டிராய் பவுண்டும் 1879-இல் சட்டத்திலிருந்து போய்விட்டது. டிராய் அவுன்ஸ் மட்டும் தங்க விலை சொல்லும்போது இன்னும் வருகிறது.

நம்ம நகைக்கடை 'பவுன்' இதுலேருந்து வந்ததா? இல்ல சும்மா ஒரே மாதிரி ஒலிக்குதா?

இதிலிருந்து வந்ததுதான். 1817-இல் பிரிட்டன் புதிதாக அடித்த சாவரின் தங்கக்காசின் மதிப்பு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அது நம் ஊருக்கு வந்து பவுன் ஆனது. 40 டிராய் பவுண்டு எடையுள்ள 22 காரட் தங்கத்தில் 1,869 சாவரின் அடிப்பார்கள். வகுத்தால் ஒன்று 7.988 கிராம். நாம் அதை முழுசாக்கி 8 கிராம் என்கிறோம்.

ஆக, எடையாகப் பிறந்த சொல் பணமாகி, பணத்தின் பெயர் காசுக்கு ஒட்டி, காசின் பெயர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மறுபடி எடையாகிவிட்டது. கல்யாண வீட்டில் 'எத்தனை பவுன்' என்று கேட்கும்போது யாரும் காசைக் கேட்கவில்லை.

தாத்தா 'ரூபாய் எடை'ன்னு சொல்வார். அதுவும் இதே கதையா?

அதே தத்துவம், வேறு காசு. சென்னை நாணயச்சாலை 1818-இல் பழைய வராகனை விட்டு ரூபாய்க்கு மாறியபோது அதன் எடை 180 டிராய் கிரெயின். 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் ரூபாயின் எடையையே ஒரு தோலா என்று நிலைப்படுத்தி, 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு என்றது. பெருக்கினால் 5,76,000 கிரெயின், அப்பட்டமாக 100 டிராய் பவுண்டு. கல்கத்தா நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கு இதில் பங்கு உண்டு. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப்தான். சித்த மருந்துக் குறிப்புகளில் 'ரூபாய் எடை' என்று வந்தால், 11.66 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பவுண்டு தங்கம் கனமா, ஒரு பவுண்டு இறகு கனமா?

'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லிச் சிரிப்பவர்களை மடக்க இது உதவும். தங்கம் டிராயில், இறகு அவோர்டுபாய்ஸில். 373 கிராம் தங்கம், 454 கிராம் இறகு. இறகுதான் கனம். ஒரு பவுண்டுக்குப் பதில் ஓர் அவுன்ஸ் என்று கேட்டால் விடை தலைகீழ்: தங்கம் 31.1 கிராம், இறகு 28.35. நான்காவது பதிலில் உள்ள 12-ஐயும் 16-ஐயும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.